பனியன் துணி வழியாக மூச்சு விட்ட கார்

பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டு, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் வயதுக்காரிகளே, நம்மில் சைக்கிளில் ரயில் கேட்டைத் தாண்டிப் படிக்கப் போனவர்கள் கொஞ்சம் கையைத் தூக்குங்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். காரில் போய் இறங்கியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நானும் கொஞ்ச நாள் காரில் போய் இறங்கியவள்தான். அந்தப் பாடு எனக்கும் தெரியும்.

நான் பத்தாம் வகுப்பு படித்த வருடம் அது. எண்பதுகள் முடியப்போகிற சமயம். மண்ணரைப் பக்கம் எங்கள் வீடும் கம்பெனியும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தன. முன்னால் வீடு, பின்னால் நிட்டிங் மிஷின் ஓடும் ஷெட். அம்மாவின் அண்ணனும் என் அப்பாவும் சேர்ந்து நடத்திய பனியன் கம்பெனி. சேர்ந்து என்பது பேருக்குத்தான். மாமா சொல்வார், அப்பா தலையாட்டுவார். அப்பா தலையாட்டாத நாளிலும் ஆட்டியதாகவே மாமா எடுத்துக்கொள்வார். மாமாவுக்குக் குழந்தை இல்லை. என்மேல் உயிரையே வைத்திருந்தார். அதனால் என்னைப் பற்றிய முடிவுகளையும் அவரே எடுத்துவிடுவார்.

பள்ளிக்கூடம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. நம் கேட்டை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அங்கே ரோடு தண்டவாளத்தை நேராக வெட்டாது, சாய்ந்து வெட்டும். ரயில் சக்கரத்தின் விளிம்பு ஓடுவதற்காகத் தண்டவாளத்தை ஒட்டி உள்பக்கமாக ஒரு இடுக்கு விட்டிருப்பார்கள். லாரி டயருக்கு அந்த இடுக்கு ஒரு பொருட்டே இல்லை. சைக்கிள் டயருக்கோ அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும். சாய்ந்தபடியே போனால் முன்சக்கரம் அதற்குள் இறங்கிவிடும். இறங்கினால் ஹேண்டில்பாரைத் திருப்ப முடியாது. சைக்கிள் நின்றுவிடும், நாம் மட்டும் போய்க்கொண்டிருப்போம்.

சைக்கிளைக் கொஞ்சம் ஒடித்து, தண்டவாளத்தை நேருக்கு நேராக வெட்டிப் போனால் ஒன்றும் ஆகாது. இது நம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் காலை நேரத்தில் கேட் திறந்ததும் ஒடிக்க இடம் ஏது? இந்தப் பக்கமிருந்து சோற்றுத் தூக்குப்போசியோடு கம்பெனிக்கு ஓவர்லாக் தையல் அடிக்கப் போகிறவர்கள், அந்தப் பக்கமிருந்து துணி ரோல் ஏற்றிய மொபெட்டுகள், நூல் மூட்டை டெம்போ, தண்ணி லாரி, நடுவில் காங்கேயம் காளை பூட்டிய வண்டி ஒன்று. கேட் தூக்கியதும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கிளம்பி நடுவில் முட்டிக்கொள்வோம். காற்றில் சாயப்பட்டறை நெடி வேறு இருக்கும்.

கேட்காரர் தெற்கேயிருந்து வந்தவர். எப்போதும் ஒரு பச்சைக் கொடியும் சிவப்புக் கொடியும் கக்கத்தில் இருக்கும்.

"எறங்கித் தள்ளிட்டுப் போங்க பிள்ளைகளான்னு தெனமும் சொல்லுதேன். ஒருத்தியாவது கேக்கியளா?" என்பார்.

கேட்க மாட்டோம். இறங்கித் தள்ளினால் பின்னால் வருகிற மொபெட்காரர் ஹாரன் அடிப்பார். அந்த வயதில் ரயிலுக்குப் பயமில்லை, ஹாரனுக்குத்தான் பயம்.

ஆடி மாதத்தில் ஒரு காலை. பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும் காற்று ஆளையே தள்ளியது. தாவணியைப் பிடிப்பதா, ஹேண்டில்பாரைப் பிடிப்பதா என்று தெரியவில்லை. பின்னால் கேரியரில் என் கூட்டாளி உட்கார்ந்திருந்தாள். கட்டிங் வேஸ்ட் துணியை வாங்கி விற்கும் குடோன்காரரின் மகள். ஓயாமல் பேசிக்கொண்டு வருவாள். அன்றைக்கும் ஏதோ சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்தால் சைக்கிள் ஆடும். முன்சக்கரம் இடுக்கில் இறங்கியது.

அவள் பறந்துபோய் மொபெட்டில் இருந்த துணி ரோல்மேல் விழுந்தாள். ஒரு கீறல்கூட இல்லை. நான் தண்டவாளத்தின்மேல் தாடை அடிபட விழுந்தேன். சூடான இரும்பும் கிரீஸும் கலந்த அந்த வாசனை இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. தூக்குப்போசி திறந்துகொண்டு மதியத் தக்காளிச் சோறு முழுவதும் ஜல்லியில் கொட்டிவிட்டது. ரத்தத்தைப் பார்த்து வராத அழுகை சோற்றைப் பார்த்ததும் வந்தது. கேட்காரர் ஓடிவந்து ஒரு கையில் என்னையும் ஒரு கையில் சைக்கிளையும் தூக்கி ஓரமாக விட்டார். அப்போது ரயில் எதுவும் வரவில்லை. வருகிற மாதிரியும் இல்லை.

ஆனால் செய்தி என்பது நம் ஊரில் எப்படி வளரும் என்று உங்களுக்குத் தெரியாததா? காலையில் கேட்டில் பெண் சறுக்கி விழுந்தது. மத்தியானம் ரயில் வரும் நேரத்தில் விழுந்தது. சாயங்காலம் ரயில் மயிரிழையில் நின்றது. பொழுது சாய்வதற்குள் காங்கேயத்திலிருந்து சொந்தபந்தம், ஒறம்பரைகள் எல்லாம் பஸ் பிடித்து வந்துவிட்டார்கள். தாடையில் தையலோடு நான் காப்பியில் பன் தொட்டுத் தின்றுகொண்டிருந்ததைப் பார்த்ததும் அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்றுகூடச் சொல்லலாம்.

வந்தவர்கள் முன்னால் வைத்து மாமா முடிவைச் சொன்னார்.

"இனிமேலுக்குச் சைக்கிள் வேண்டாங் கண்ணு. ஊட்டுல காரு எதுக்கு நிக்குது? நானே கொண்டுபோய் உட்டுப்போட்டு வர்றேன்."

அப்பா மெதுவாக, "தண்டவாளத்துல எறங்கித் தள்ளீட்டுப் போனாப் போச்சுங்க மச்சான்" என்றார்.

"தள்ளீட்டுப் போறதுக்கு எதுக்குங்க மாப்ளே சைக்கிளு?" என்றார் மாமா.

சைக்கிளின் முன்சக்கரம் எட்டு மாதிரி வளைந்திருந்தது. அதை அப்படியே தூக்கி, நூல் குடோனில் கோன் மூட்டைகளுக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். அடியில் நின்று பார்த்தால் பெடல் மட்டும் காற்றில் லேசாகச் சுற்றும்.

இப்போது காரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் எல்லா முதலாளிகளும் வைத்திருந்த உருண்டை மூக்குக் கார்தான். வெள்ளை நிறம். நாலாவது கையாகவோ ஐந்தாவது கையாகவோ மாமாவிடம் வந்து சேர்ந்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்து காத்திருந்தே இளமையைக் கழித்தவர் மாமா. சொந்தமாக ஒரு ஸ்டியரிங் கைக்கு வந்ததும் அவருக்கு உலகத்தில் வேறு எதுவும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கறி எடுக்கப் போனால் இவர் பானட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொள்வார்.

ஸ்குரூ டிரைவரின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக்கொண்டு கேட்பார். நிட்டிங் மிஷினில் ஊசி உடைந்தால் சத்தத்திலேயே கண்டுபிடிப்பவர். அதே காது காருக்கும் போதும் என்று நினைத்தார். பிளக்கைக் கழற்றித் தேய்ப்பார். பாயிண்ட்டுக்கு நடுவில் பிளேடை விட்டு இடைவெளி பார்ப்பார். கார்புரேட்டர் ஸ்குரூவைக் கால் திருகு திருகிவிட்டுக் காதைத் தீட்டுவார். நூல் சுற்றி வரும் காகிதக் கோனின் நுனியை வெட்டி அதைப் புனலாக்கித்தான் பெட்ரோல் ஊற்றுவார். அந்தக் கோன்களை இப்போது யாரும் பார்த்தே இருக்க மாட்டார்கள். நாங்கள் அதை வாயில் வைத்து ஊதி விளையாடுவோம். பெட்ரோல் ஊற்றிய கோனை ஊதினால் நாள் முழுவதும் நாக்கு எரியும்.

மாமாவுக்குக் காரின் தராதரம் தெரிய ஒரே ஒரு பரீட்சைதான் உண்டு. பல்லடம் ரோட்டில் அருள்புரம் தாண்டி ஒரு ஏற்றம். அதில் டாப் கியரை மாற்றாமல் ஏற வேண்டும். ஏறிவிட்டால் அன்றைக்கு வீட்டில் எல்லாருக்கும் ஜாங்கிரி. பாதியில் முக்கினால் அன்றைக்கு யாரும் வாய் திறக்கக் கூடாது.

இழுவை போதவில்லை என்று ஒரு நாள் அவருக்குத் தோன்றிவிட்டது. கார்புரேட்டருக்கு மேலே குண்டான் மாதிரிக் கறுப்பாக உட்கார்ந்திருக்கும் ஏர் பில்டர்தான் காற்றை மறிக்கிறது என்று முடிவு கட்டினார். கழற்றி ஓரமாக வைத்தார். உண்மையிலேயே கார் பிய்த்துக்கொண்டு போனது. உறுமலும் ஜோராக இருந்தது. ஏற்றத்தில் டாப் கியரில் ஏறியது. ஜாங்கிரி வந்தது.

ஆனால் அது ஆடி மாதம். கார் நிற்பதோ நிட்டிங் ஷெட்டுக்குப் பக்கத்தில். எங்கள் காம்பவுண்டில் காற்று என்றால் பாதி பஞ்சு. துவைத்த துணியில் பஞ்சு, மோரில் பஞ்சு, தலைமுடியில் பஞ்சு. கார்புரேட்டரிலும் பஞ்சு போய் அடைத்துக்கொண்டது. வேறு யாராக இருந்தாலும் பழைய பில்டரைத் திரும்ப மாட்டியிருப்பார்கள். மாமா பனியன் கம்பெனிக்காரர். கட்டிங் டேபிளுக்குப் போய், இருப்பதிலேயே நைசான துணியில் ஒரு துண்டு வெட்டி எடுத்துவந்து கார்புரேட்டரின் வாயில் போர்த்தி, ஜட்டிக்குப் போடும் எலாஸ்டிக்கால் சுற்றிக் கட்டினார்.

அப்பா தயங்கித் தயங்கி, "துணி காத்த மறிக்காதுங்களா மச்சான்?" என்று கேட்டார்.

"நம்ம துணியப் போட்டுட்டு வெள்ளைக்காரனே வேர்க்காம இருக்கறானுங்க மாப்ளே. எஞ்சினுக்கு என்ன கேடு?" என்றார் மாமா.

எனக்கே அது சரியாகத்தான் பட்டது. ஊரே மூச்சு விடுகிற துணி என்று சொல்லி விற்கிற துணி அல்லவா?

தையல் பிரித்ததும் நான் காரில் போக ஆரம்பித்தேன். முதல் சில நாள் மகாராணிதான். பின்சீட்டு ரெக்சினில் பாவாடை ஒட்டும். பெட்ரோல், மிஷின் ஆயில், மாமா போட்ட விபூதி எல்லாம் சேர்ந்து ஒரு வாசனை வரும். ஜன்னல் வழியாகக் கூட்டாளியைப் பார்த்துக் கையாட்டுவேன். அவளுக்கு அவள் அத்தா, அந்தக் குடோன்காரர், தனிச் சைக்கிளே வாங்கிக்கொடுத்துவிட்டார். விழுந்தது அவளும்தான். ஆனால் அவள் வீட்டுக்குக் காங்கேயத்திலிருந்து யாரும் வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆவணி பிறந்ததும் கார் தகராறு செய்யத் தொடங்கியது. காலையில் எழுப்பினால் எழுந்திருக்காது. எழுந்தாலும் கறுப்பாகப் புகை விடும். ஆக்சிலேட்டரை அமுக்கி உறும வைத்துக்கொண்டே இருந்தால் ஓடும், கொஞ்சம் வேகம் குறைத்தால் உயிர் போய்விடும். பெட்ரோலில் கலப்படம் என்றார் மாமா. பங்க்கை மாற்றினார். பிளக் மாற்றினார். ஸ்குரூவைத் திருகினார். துணி அழுக்காகிவிட்டது என்று புதிதாக இரண்டு மடிப்பாகக் கட்டினார். வடிகட்டினால் எஞ்சினுக்கு நல்லதுதானே என்பது அவர் எண்ணம். துணியின்மேல் ஒரு நாளும் அவருக்குச் சந்தேகம் வரவில்லை. சொந்தச் சரக்கை யார் சந்தேகப்படுவார்கள்?

கார் கிளம்பாத நாளில் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. சைக்கிளும் கிடையாது, தனியாக நடந்து கேட்டைத் தாண்டவும் விடமாட்டார்கள். யூனிபார்ம் போட்டு, ரிப்பன் கட்டி, பின்சீட்டில் உட்கார்ந்து, பானட்டுக்கு அடியிலிருந்து மாமா முனகுவதைக் கேட்டுக்கொண்டே மணி அடிக்கும் நேரம் தாண்டிப் போவதைப் பார்ப்பேன். கூட்டாளி வாசலில் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்ப்பாள்.

"என்னடி, உங்க ஏரோப்ளேன் இன்னும் கெளம்பலையா?"

நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். சாயங்காலம் அவளுடைய நோட்டை வாங்கி எழுதிக்கொள்வேன். கணக்குப் பாடத்தை நோட்டைப் பார்த்து எழுதலாம், புரிந்துகொள்ள முடியாது. எனக்குப் பயம் வந்துவிட்டது.

ஐப்பசியில் தலைமையாசிரியை ஆள் அனுப்பினார். வருகை குறைகிறது, இப்படியே போனால் பொதுப் பரீட்சை எழுத விட முடியாது, பெற்றவர்கள் வந்து பேசவும் என்று செய்தி. மாமா அதைக் கேட்டுவிட்டு அம்மாவிடம் சாதாரணமாகச் சொன்னார்.

"எழுதாட்டிப் போகுது உடு அம்மிணி. படிச்சு எந்த ஆபீசுக்குப் போகோணும்? நம்ம கம்பெனியிலயே பனியன் செக்கிங் பாத்துக்கட்டும்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அதிகமாக வலித்தது. கெட்டவர்களிடம் சண்டை போடலாம். உயிரை வைத்திருப்பவர்களிடம் எப்படிப் போடுவது? அப்பா என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். அம்மா மட்டும், "நாளைக்கு நானும் வர்றேனுங்கண்ணா. அந்தம்மாவப் பாத்துப் பேசீட்டு அப்பறம் பாத்துக்கலாம்" என்றாள்.

மறுநாள் விடிந்ததிலிருந்து மழை. ஆச்சரியமாகக் கார் கிளம்பிவிட்டது. மாமா ஓட்ட, அம்மா முன்சீட்டில், நான் பின்னால். ரோடு முழுவதும் முழங்கால் அளவு சாயத்தண்ணீர், ஒரு இடத்தில் நீலம், ஒரு இடத்தில் சிவப்பு. தண்ணீருக்குள் இறங்கி ஏறும்போதெல்லாம் அது பானட்டுக்குள் வாரி அடித்தது. கேட் சாத்தியிருந்தது. ஒரு ரயில் போனது. கேட் திறந்தது. முன்னால் போன மாட்டுவண்டி மெதுவாகப் போக, மாமா வேகத்தைக் குறைத்தார். சரியாக இரண்டாவது தண்டவாளத்தின்மேல் கார் ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கிவிட்டது.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. மாமா ஸ்டார்ட்டரை இழுத்தார். அது இழுத்து இழுத்து முனகியது. சோக்கை இழுத்தார். மறுபடியும் முனகல். பின்னால் லாரி ஹாரன். கேட்காரர் குடையை வீசிவிட்டு ஓடிவந்தார்.

"அண்ணாச்சி, கேட்டைப் பூட்டணும். அடுத்த வண்டி வருது. எடுங்க, எடுங்க."

"இதோ புடிச்சிரும்" என்றார் மாமா. அவர் காது எஞ்சினில்தான் இருந்தது. தூரத்தில் ரயில் கூவியது. நான் முன்சீட்டின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டேன். சைக்கிளில் விழுந்தபோது இல்லாத பயம் அது.

அம்மா கதவைத் திறந்தாள். "எறங்கு" என்றாள் என்னிடம். இறங்கினேன். அம்மா சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு காருக்குப் பின்னால் போய்க் கையை வைத்தாள். கம்பெனிக்காரர் வீட்டு அம்மா ரோட்டில் நின்று கார் தள்ளியதை அந்த ஊர் அதற்கு முன்பு பார்த்திருக்காது. அதைப் பார்த்து, காத்து நின்ற ஓவர்லாக் அக்காக்கள் போசியை ஓரமாக வைத்துவிட்டு வந்தார்கள். என் கூட்டாளி சைக்கிளை அப்படியே கீழே போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் தோளைக் கொடுத்தாள். எல்லாரும் சேர்ந்து தள்ளினோம். கார் அசையவில்லை.

மறுபடியும் ரயில் கூவியது.

"அண்ணா, கியரை எடுங்க" என்று அம்மா கத்தினாள்.

பிளக்கும் பாயிண்ட்டும் கார்புரேட்டரும் தெரிந்த மனுஷன், கியரை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். எடுத்ததும் கார் உருண்டது. சக்கரம் தண்டவாளத்தில் முட்டிப் பின்னால் வந்தது. ஏலேலோ என்று ஒரு அக்கா சொல்ல, எல்லாரும் மூச்சைப் பிடித்துத் தள்ள, ஏறி இறங்கி, கேட்டுக்கு அந்தப் பக்கம் போய் ஓரத்தில் நின்றது. பின்னாலேயே கேட் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் கோயமுத்தூர்ப் பக்கமிருந்து ரயில் வந்தது. அதன் ஜன்னலில் ஒரு ஆள் வெற்றிலை மென்றுகொண்டு எங்களைச் சும்மா பார்த்துக்கொண்டு போனார். நான் அம்மாவின் ஈரச் சேலையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லாரும் இருக்கிறோம், எல்லாரும் இருக்கிறோம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மாமா பானட்டைத் திறந்தார். துணி தண்ணீரில் ஊறி, மாதக்கணக்கில் சேர்ந்த பஞ்சும் ஆயிலும் அப்பி, கார்புரேட்டரின் வாய்க்குள் இழுக்கப்பட்டுக் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா எட்டிப் பார்த்தாள். எலாஸ்டிக்கை விலக்கி அதை உரித்து எடுத்தாள்.

"இதென்னங்கண்ணா, நம்ம துணியாட்ட இருக்குது?"

"நைஸ் துணி அம்மிணி. காத்தோட்டமா இருக்கும்னு..."

அம்மா பிழிந்தாள். கறுப்புத் தண்ணீர் வழிந்தது. பிழிந்த துணியை அவரிடம் நீட்டினாள்.

"ஈரப் பனியன மூக்குல வெச்சு மூச்சு வுட்டுப் பாருங்க."

கேலிக்குத்தான் சொன்னாள். மாமா நிஜமாகவே வாங்கி மூக்கில் வைத்து இழுத்துப் பார்த்தார். இழுக்க முடியவில்லை. துணியை எடுத்தபோது மூக்கைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வட்டம் இருந்தது. ஓவர்லாக் அக்காக்கள் அடக்கப் பார்த்தும் முடியாமல் சிரித்துவிட்டார்கள். அம்மாவும் சிரித்தாள், சிரிக்கும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. மாமா அந்த வட்டத்தோடு நின்று, ரயில் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கேட்காரர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார்.

"நான் கேட்டைப் பூட்டாம அந்த வண்டிக்கு சிக்னல் விழாது அண்ணாச்சி. அவுட்டர்லதான் நின்னு கூவிட்டிருந்தான்."

"அத அப்பவே சொல்றதுக்கு என்னங்க?" என்றார் மாமா. குரல் எழும்பவில்லை.

"சொல்லியிருந்தா தள்ளியிருப்பியளா? ஸ்டார்ட் பண்ணிட்டேல்லா உக்காந்திருப்பிய."

மாமா எதையும் திருகிப் பார்க்காமல் பானட்டைச் சாத்தினார். அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய பதில் என்று. இப்போது யோசித்தால் அவர்மேல் எனக்குக் கோபமே வரவில்லை. ஆபத்து சைக்கிளில் இருக்கிறது, காருக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்திவிட்டால் பிள்ளை பத்திரம் என்று நம்பினார். நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லாரும் நம்மை அப்படி ஏதாவது ஒன்றுக்குள் வைத்துச் சாத்தப் பார்த்தவர்கள்தானே? பாசத்தில்தான் சாத்தினார்கள். உள்ளே காற்று வருகிறதா என்று மட்டும் பார்க்கவில்லை.

அம்மா, நான், கூட்டாளி மூவரும் நனைந்துகொண்டே பள்ளிக்கூடத்துக்கு நடந்தோம். கேட் மறுபடி திறந்ததும் எடுத்துவந்த கூட்டாளியின் சைக்கிளை நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். அவளே கையில் கொடுத்தாள். ஹேண்டில்பாரின் ஈர ரப்பரைப் பிடித்ததும் எனக்கு நடுக்கம் நின்றுவிட்டது.

தலைமையாசிரியை எங்கள் கோலத்தைப் பார்த்துவிட்டு முதலில் துண்டு கொடுக்கச் சொன்னார். பிறகு பதிவேட்டைப் புரட்டினார்.

"ஆடி வரைக்கும் ஒரு நாள்கூட லேட் இல்லையேம்மா உங்க பொண்ணு. அப்ப எதுல வந்தா?"

"சைக்கிள்லதானுங்க" என்றாள் அம்மா.

அவர் பதிவேட்டை மூடினார். இனி ஒரு நாளும் விடக் கூடாது, அப்படியானால் பரீட்சை எழுதலாம் என்றார். வெளியே வந்து வராந்தாவில் அம்மா என் தலையைத் துவட்டினாள். வழக்கத்தைவிட அழுத்தித் துவட்டினாள்.

சாயங்காலம் வீட்டில் பேச்சு எழுந்தது. அப்பா கேட்டில் நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு எழுந்து நின்றுகொண்டேயிருந்தார். உட்காரவே இல்லை. மாமா மெல்ல ஆரம்பித்தார், பழைய பில்டரை மாட்டிவிடலாம், கோயமுத்தூரில் நல்ல மெக்கானிக்கிடம் காட்டலாம், ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று. அம்மா காப்பி டம்ளரை அவர் முன்னால் வைத்தாள்.

"காரு நல்லா ஓடட்டுமுங்கண்ணா. நீங்க ஏத்தத்துல ஏறுங்க, எறங்குங்க, நான் ஒண்ணும் சொல்லலீங்க. ஆனா அது நின்னுபோனாத் தள்ளறதுக்குப் பத்துப் பேரு வேணும். சைக்கிளு நின்னுபோனா எம்புள்ள ஒருத்தியே போதும்."

மாமா காப்பியைக் குடித்து முடித்தார். அப்பாவைப் பார்த்தார். அப்பா இந்த முறை தலையாட்டவில்லை, தரையைப் பார்க்கவுமில்லை. மாமா எழுந்து நூல் குடோனுக்குப் போனார். அவரே ஏணி வைத்து ஏறிக் கயிற்றை அவிழ்த்தார். முக்குச் சைக்கிள் கடையில் உட்கார்ந்து, கடைக்காரர் வளைந்த சக்கரத்தை நேராக்கி முடிக்கும் வரை நகராமல் இருந்தார். செயினுக்கு எண்ணெய் மட்டும் நானே விடுவேன் என்று டின்னை வாங்கி விட்டார். ஒரு ஸ்குரூவைக்கூடத் திருகவில்லை.

மறுநாள் மழை விட்டிருந்தது. கேட்டுக்கு முன்னாலேயே இறங்கினேன். பின்னால் மொபெட்காரர் ஹாரன் அடித்தார். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். முன்சக்கரத்தை லேசாகத் தூக்கி ஒரு தண்டவாளம், பின்சக்கரத்தை இழுத்து இன்னொன்று. அந்தப் பக்கம் போய் ஏறி மிதித்தேன். காற்று முகத்தில் பட்டது. எவ்வளவு நாளாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

முதல் மணி அடிப்பதற்கு முன்பே என் பெஞ்சில் என் இடத்தில் உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் ஒவ்வொரு பெயராக வாசித்துக்கொண்டு வந்தார். என் பெயர் வந்தபோது, நான் இருக்க மாட்டேன் என்ற பழக்கத்தில் நிறுத்தாமல் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். நான் எழுந்து நின்றேன்.

"உள்ளேன் டீச்சர்" என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. வகுப்பே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. டீச்சர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார், பேனாவை எடுத்தார், போட்டிருந்த குறியை அடித்து மாற்றினார்.